ஏற்றம் கற்றுத்தரும் பாடம்

மிதிவண்டி என்றதும் பள்ளிப் பிள்ளைகளும் பால்காரரும் நம் நினைவுக்கு வருகின்றனர். உடல்நலமும் உள்ளக்களிப்பும் ஒருங்கே தரும் பொழுதுபோக்காக அதனை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

உதகையிலிருந்து எமரால்டு செல்லும் வழியில் உள்ளது இத்தலார். தேயிலைச் சரிவுகளும் மலைக்காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். பேருந்தில் செல்வோருக்கு நொடியில் மறையும் இக்காட்சி, மிதிவண்டியில் செல்வோருக்கு வளைவுக்கு வளைவு புதிதாக விரிகிறது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' என்னும் நெடும்பயணம், பல ஊர்களின் மிதிவண்டி ஆர்வலர்களை இம்மலைகளுக்கு அழைத்து வந்தது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அவர்களுக்குப் பெருஞ்சோதனை.

உலகப் புகழ்பெற்ற பிரான்சு நாட்டின் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் 1903-இல் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று வாரங்கள், 21 கட்டங்கள். மொத்த நேரத்தில் முந்தி நிற்பவருக்கு மஞ்சள் சட்டை. மலையேற்றத்தில் சிறந்தவருக்குச் சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைச் சட்டை. இப்பந்தயத்தைப் பார்ப்போர் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அணித் தலைவருக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவோரும், தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து வருவோரும் அவருடைய தோழர்களே. வெற்றி ஒருவர் பெயரில், உழைப்போ பலருடையது. நம் இல்லங்களிலும் இவ்வாறு காற்றைத் தாங்கும் தாய்மார்கள் இல்லையா?

வெற்றி நேர்வழியில் வரவேண்டும் என்பதும் இங்கு விளங்கும். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் தொடர்ந்து வென்ற ஏழு பட்டங்களும், ஊக்கமருந்துக் குற்றத்தால் 2012-இல் பறிக்கப்பட்டன.

'பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பேருந்துக்காகவும் பிறர் துணைக்காகவும் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு மாறியது. ஆப்கானிஸ்தானில் பிறந்த மசோமா அலி ஸாதா, மிதிவண்டி ஓட்டியதற்காகவே ஏச்சுக்கு ஆளானவர். பிரான்சில் அடைக்கலம் பெற்ற அவர், 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பில் முக்காடணிந்தே பந்தயத்தில் பங்கேற்றார்.

மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மிதிவண்டி, படிப்பு முடிந்ததும் மூலையில் துருப்பிடிக்கலாமா? அதனை வெளியே எடுங்கள். மலைப்பாதையில் செல்லுமுன் பிரேக் கட்டைகள் தேய்ந்துள்ளனவா என்று பாருங்கள். வளைவை நெருங்குமுன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் திடீரெனப் பிரேக் பிடிக்காதீர்கள். இரு பிரேக்குகளையும் பயன்படுத்துங்கள். தலைக்கவசம் அணியுங்கள், பனிமூட்டத்தில் விளக்கெரியட்டும்.

முதல் நாளிலேயே சிகரத்தை எட்ட வேண்டியதில்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிச் செல்வதும் இழுக்கன்று. தந்தையும் மகளும், அண்ணனும் தங்கையும் விடுமுறை நாளில் ஒன்றாகப் புறப்படுங்கள். முந்திச் செல்பவர் அடுத்த வளைவில் நின்று, பின்வருபவருக்காகக் காத்திருக்கட்டும்!