பருவநிலை மாற்றம்: ‘நான் ரெடி, மத்தவங்க?’

புவி வெப்பமாவதைத் தடுக்க, மாத வருமானத்துல 1% கொடுப்பீங்களா? 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் இப்படிக் கேட்டார்கள். 69% பேர் ‘கொடுப்பேன்’ என்றார்கள். உங்க நாட்டுல 100 பேர்ல எத்தனை பேர் கொடுப்பாங்க? இதற்குச் சராசரி பதில் 43 தான்! 2024-ல் ‘நேச்சர் க்ளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வு இது.

இதனால் என்ன பிரச்சினை?

மற்றவர்களும் தயார் என நம்புகிறவர்களே அதிகம் முன்வருகிறார்கள் என்கிறது அதே ஆய்வு. ‘யாரும் செய்யல, நான் மட்டும் ஏன்?’ என்று நினைத்தால் எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள்.

சொல்வது வேறு, கொடுப்பது வேறு என்பது உண்மைதான். ஆனாலும், அப்பார்ட்மென்ட் மீட்டிங்ல சோலார் பேச்சை எடுக்கத் தயங்குறீங்களா? பக்கத்து வீட்டுக்காரரும் அதே தயக்கத்தில் இருக்கலாம். முதலில் நீங்களே பேசிப் பாருங்க.