உங்களுக்குத் தெரியுமா? போனில் தமிழுக்கு வழி திறந்த ‘ரூட்’

ஆண்ட்ராய்டு 2.2, 2.3 பதிப்புகளில் ஓடிய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. எடுத்துக்காட்டாக, முருங்கை விலையை ஒருவர் தமிழில் அனுப்பினால், பெற்றவர் திரையில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஆர்வலர்கள் போனை ‘ரூட்’ செய்து, அதாவது அதன் மென்பொருளில் முழு அதிகாரத்தைப் பெற்று, பூட்டியிருந்த சிஸ்டம் ஃபோல்டருக்குள் தமிழ் எழுத்துருவை வைத்தார்கள். எழுத்து வந்தது; ஆனால் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் கொம்பு பின்னால்தான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவரும் நிரல் அந்தப் பதிப்புகளில் தமிழுக்கு இல்லை. 2011 அக்டோபரில் வெளியான 4.0 பதிப்பு லோகித் தமிழ் எழுத்துருவோடு அந்தக் குறையையும் தீர்த்தது. ஆகவே, போன் மென்பொருளில் கைவைப்பதை வெறும் விளையாட்டு என்று தள்ள முடியாது. தயாரிப்பாளர் தரும்வரை காத்திராமல் தம் மொழியை வாசிக்க மக்கள் கண்ட வழி அது.

இப்படிச் செய்தால் வாரண்டி போய்விடுமே, வங்கிச் செயலி மறுக்குமே என்பார்கள். இரண்டும் நடக்கக்கூடியவைதான்; இதற்காகப் பூட்லோடரை, அதாவது போனைத் தொடங்கிவைக்கும் நிரலின் பூட்டைத் திறந்தால் போனிலுள்ள படங்களும் தகவல்களும் பொதுவாக அழிந்துவிடும். பணம் புழங்கும் போனில் இது வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போனுக்கு வேறு கதி ஏது? 2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு நின்றதும் தன்னார்வலர்கள் தொடங்கிய லினியேஜ் ஓஎஸ், அப்படிக் கைவிடப்பட்ட பல மாடல்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டை இலவசமாகத் தருகிறது.