கச்சத்தீவுக் கடல்வழி: வழக்காறும் எல்லைக்கோடும்

இராமேசுவரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், பாக் நீரிணைப் பகுதியில் அமைந்துள்ளது கச்சத்தீவு. அதன் பரப்பு 285 ஏக்கர். குடிநீர் இல்லை, நிலையாகக் குடியிருப்போரும் இலர். இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோடு இத்தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் செல்கிறது. இத்தீவின் மீது நமக்குள்ள உரிமை யாது என்னும் வினா அரை நூற்றாண்டாக அரசியல் மேடைகளில் ஒலித்து வருகிறது. இஸ்லாமியச் சட்டவியல் நமக்குப் பழக்கப்படுத்தியுள்ள வழக்காறு, உடன்படிக்கை என்னும் இரு அளவுகோல்களைக் கொண்டு அதனை நோக்குவது தெளிவு தரும்.

எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்னர் இத்தீவு இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனுக்கு உரியதாகக் கருதப்பட்டது. 1880ஆம் ஆண்டில் முகம்மது அப்துல் காதர் மரைக்காயரும் முத்துச்சாமிப் பிள்ளையும் சேர்ந்து எடுத்த குத்தகையில் 70 ஊர்களும் 11 தீவுகளும் அடங்கியிருந்தன. அத்தீவுகளுள் கச்சத்தீவும் ஒன்று. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேரைச் சேகரிப்பதே அக்குத்தகையின் நோக்கம். மரைக்காயரும் பிள்ளையும் ஒரே ஆவணத்தில் கூட்டாளிகளாக நின்றமை அக்கரையோர வாழ்வின் இயல்பைக் காட்டுகிறது. மீனவர்களோ அங்கு இளைப்பாறினர், வலைகளை உலர்த்தினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தோணியார் ஆலயத்தின் திருவிழாவுக்கு இரு கரையினரும் படகேறிச் சென்றனர்.

அத்திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் நிகழ்கிறது. வாடைக்காற்றின் வேகம் தணிந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன்னுள்ள அமைதியான இடைக்காலம் அது. முன்னாளில் பாய்மர வல்லங்கள் சென்ற வழியில் இன்று இயந்திரப் படகுகள் செல்கின்றன. பயணிகளின் பெயர்கள் முன்னரே பதிவு செய்யப்பட்டு, புறப்படும் துறையில் சோதனை நடைபெறுகிறது. எல்லைக்கோடு வரை இந்தியக் கடலோரக் காவற்படையும், அதற்கு அப்பால் இலங்கைக் கடற்படையும் கண்காணிக்கின்றன. ஓரிரவு தங்கி, மறுநாள் திருப்பலிக்குப் பின் படகுகள் திரும்புகின்றன.

கடவுச்சீட்டின்றி இப்பயணம் இயல்வது எங்ஙனம்? 1974 ஜூன் மாதத்தில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தீவை இலங்கையின் பக்கம் விட்டது. ஆயினும் அதன் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அங்குச் சென்று வரலாம் என்றும், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கோராது என்றும் உறுதியளித்தது. ‘வழக்காறு தீர்ப்புக்கு ஆதாரமாகும்’ என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விதி. ‘உர்ஃபு’ எனப்படும் வழக்காறு, எழுதப்பட்ட உடன்படிக்கைக்குள்ளேயே இடம்பெற்றமைக்கு இப்பிரிவு ஓர் எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த யாத்திரை, போர் முடிந்தபின் 2010 முதல் மீண்டும் உயிர்பெற்றதற்கு இதுவே அடிப்படை.

மீன்பிடிப்பின் நிலை வேறு. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டின் படகுகள் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடித்தலாகாது என வெளிப்படையாகக் கூறின. வெளிப்படையான நிபந்தனைக்கு முரணாக வழக்காற்றை ஆதாரமாகக் கொள்ள இயலாது என்பதும் அதே அறிஞர்கள் வகுத்த வரையறையே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே பணிக்கிறது. அந்த ஒப்பந்தம் மீனவரைக் கலந்து செய்யப்பட்டதா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது தனிக் கேள்வி.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. முன்னோர் வழக்காறு பாய்மரமும் சிறுவலையும் சார்ந்தது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி அவ்வழக்காற்றில் அடங்குமா? இலங்கை 2017இல் அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதனால் வலையும் வாழ்வும் இழப்போர் யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளின் தமிழ் மீனவர்களே. அவர்களுள் முஸ்லிம்களும் உளர். பிறர்க்குத் தீங்கிழைத்தலும் தீங்குக்குத் தீங்கு செய்தலும் ஆகா என்னும் நபிமொழி கடலுக்கும் பொருந்தும். சிறைப்பட்ட மீனவரின் குடும்பத் துயரும் பொய்யன்று. எனவே நாம் கோர வேண்டியது, இரு கரையினரும் கூடியமர்ந்து காணும் தீர்வையே. ஆண்டுக்கு ஒருமுறை அத்தீவின் மணலில் அவர்கள் அருகருகே அமர்கின்றனர் என்பதே அதற்குரிய நம்பிக்கை.