பீர்ச் சக்கையும் மூன்றெழுத்தும்

பிரெஞ்சு பேசும் கியூபெக்கில், மாண்ட்ரியல் தீவின் தென்புறம், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது லாசால். லபாட் நிறுவனத்தின் பெரிய பீர் ஆலை அங்கே உண்டு. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடித்தபின் மிஞ்சுவது சக்கை. மாவுச்சத்து பீருக்குப் போய்விடும். புரதமும் நாரும் சக்கையில் செறிந்து நிற்கும். அதனால்தான் உலகெங்கும் பீர்ச் சக்கை மாட்டுத் தீவனமாகிறது.

அந்தச் சக்கையின் சத்துக் கணக்கைப் பிரெஞ்சு அட்டவணையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற உட்காருபவருக்குத் தலைப்பெழுத்துகள்தாம் தொல்லை. எம்.ஜி. என்றால் மில்லிகிராம் அல்ல, கொழுப்பு. எம்.எம். மில்லிமீட்டர் அல்ல, சாம்பல். இங்கே தவறினால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். எம்.எஸ். அப்படியல்ல. அது ஈரம் நீக்கிய உலர்பொருள். பீர்ச் சக்கையில் புரதம் ஏறத்தாழ 25 சதவீதம் என்பது உலர்பொருள் கணக்கு. லாரியிலிருந்து சொதசொதவென்று இறங்கும் சக்கையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். அதை எடைபோட்டால் புரதம் 6 சதவீதம் தேறினால் அதிகம். எம்.எஸ். என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டால் மாடு பட்டினி கிடக்கும்.

அடுத்தது எம்.ஏ.டி. விரித்தால் 'மொத்த நைட்ரஜன் பொருள்கள்'. ஆங்கிலத்தில் இதற்கு நேர் கச்சாப் புரதம். நம்மூர்த் தீவன மூட்டையிலும் அதுதான். என்னைக் கேட்டால் பிரெஞ்சுப் பெயரே நேர்மையானது. இதை அளக்கும் சோதனையும் ஒரு பீர் ஆலையில் பிறந்ததுதான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை அது. தானியத்தைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து அளப்பது நைட்ரஜனை மட்டுமே. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 6.25-ஆல் பெருக்குகிறோம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று குடுவை கேட்பதில்லை.

2007-இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மடிந்ததற்கு இந்த ஓட்டைதான் வழிவிட்டது. அவற்றின் உணவில் சேர்க்கச் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசைப்புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் அது உயர்ந்த புரதமாகத் தெரிந்தது. ஆனால் எல்லா நைட்ரஜனும் ஏமாற்று அல்ல. பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவிலிருந்துகூடத் தமக்குப் புரதம் கட்டிக்கொள்ளும். பின்னர் அந்த நுண்ணுயிர்களே பசுவுக்கு உணவு.

பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த பி.டி.ஐ. இதைத்தான் கணக்கிடுகிறது: குடலில் செரித்து உண்மையில் பசுவுக்குச் சேரும் புரதம். ஒரே தீவனத்துக்கு இரண்டு மதிப்பு போட்டார்கள். ஒன்று நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் நைட்ரஜனை வைத்து, மற்றது கிடைக்கும் ஆற்றலை வைத்து. நாள் தீவனம் முழுவதையும் கூட்டியபின் இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் எடுத்தார்கள். அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உளுந்து இருக்கும் அளவுக்குத்தானே இட்லி?

அதே ஆண்டு வந்த யூ.எஃப்.எல். என்ற ஆற்றல் அலகு இன்னும் பிடிவாதமானது. ஒரு கிலோ பார்லி கறவைப் பசுவுக்குத் தரும் நிகர ஆற்றலே ஓர் அலகு. நெடுங்காலம் 1,700 கிலோகலோரியாக இருந்ததை 2018 திருத்தத்தில் 1,760 ஆக்கினார்கள். ஆகவே பழைய அட்டவணையா புதியதா என்று பார்க்காமல் கலோரிக்கு மாற்றினால் தவறு. மாற்றினாலும், அமெரிக்க முறை ஆற்றலைக் கணிக்கும் சூத்திரம் வேறு. யூ.எஃப்.எல்.லை அப்படியே விட்டு, அருகில் ஒரு வரி விளக்கம் எழுதுவதே நல்லது.

நாருக்கு வந்தால் கதை தலைகீழ். அமெரிக்கர் பீட்டர் வான் சூஸ்ட் 1960-களில் வகுத்த நார்ச் சோதனையைப் பிரான்சில் ஆங்கில எழுத்துகளாலேயே என்.டி.எஃப். என்கிறார்கள். கியூபெக்கிலோ எழுத்துகளைப் பிரெஞ்சு வரிசைக்குத் திருப்பி எஃப்.டி.என். ஆக்கிவிட்டார்கள்.