ஆறு கடக்கும் ஜீப்பு

மோட்டார் வண்டியின் இஞ்சின் நெருப்பினால் உயிர்வாழ்வது. அதனை ஆற்றிலே இறக்குவது அதன் இயல்புக்கு மாறானதொரு செயலாம். எனினும் பாலமில்லாத ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேரவேண்டுமாயின் சில வேளைகளில் வேறு வழியில்லை. 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டென்று தமிழ் பயில்வோர் அறிவர். ஜீப்பு ஓட்டுவோர் அதனை நூலின்றியே அறிந்துள்ளனர். நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்வதனால் அவ்வண்டி நீருக்கு அஞ்சாது என்று எண்ணுவோர் பலர். அது பொருந்தாது. சக்கரங்கள் நான்கும் சேற்றையும் மணலையும் வெல்லும். இஞ்சினுக்குள் நீர் புகுவதை அவை எவ்வாறு தடுக்கும்?

நீரினால் இஞ்சினுக்கு வரும் கேடுகள் இருவகையின. ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது. பெட்ரோல் இஞ்சினில் எரிபொருளைப் பற்றவைப்பது மின்பொறி. பழைய ஜீப்புகளில் அம்மின்சாரம் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கம்பிகளிற் செல்லும். அவற்றின்மேல் நீர் தெறித்தால், மின்சாரம் தான் செல்லவேண்டிய இடத்தை விட்டு ஈரத்தின் வழியே கசிந்துவிடும். இஞ்சின் திக்கித் திணறி நின்றுபோம். நீரை அங்ஙனம் வாரியிறைப்பது பெரும்பாலும் ரேடியேட்டரின் பின்னே சுழலும் விசிறியே. ஆதலின் அக்காலத்து ஓட்டுநர் துறையில் இறங்குமுன் விசிறியின் பெல்ட்டைக் கழற்றிவைத்து, வண்டியின் முகத்தைத் தார்ப்பாயால் மூடிக்கொள்வர். இக்கேடு உலர்ந்த துணியினாலும் சிறிது பொறுமையினாலும் தீரத்தக்கது.

பெரிய கேடு வேறு. இஞ்சின் காற்றை உறிஞ்சிச் சிலிண்டருக்குள் அழுத்துகின்றது. காற்றோ அழுத்தத்திற்கு இணங்கிச் சுருங்கும். நீர் அவ்வாறு சுருங்குவதன்று. காற்று புகும் வாயில் நீரில் மூழ்குமாயின், இஞ்சின் காற்றுக்குப் பதிலாக நீரைக் குடிக்கும். மேலெழும் பிஸ்டன் அந்நீரின்மேல் பாறையில் மோதியதுபோல் மோதும். அதனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், அல்லது முறியும். இதற்கு எத்துணை நீர் வேண்டும்? 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்திற்கு மேல் செய்யப்பட்ட யுத்த ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் இஞ்சின் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் பிஸ்டன் ஏறியிறங்கும் இடம் சுமார் 550 மில்லிலிட்டர். அழுத்தவிகிதம் ஏறக்குறைய ஆறரை. கணக்கிட்டால், பிஸ்டன் உச்சியை எட்டும்போது எஞ்சும் இடம் 100 மில்லிலிட்டரே ஆகும். ஒரு சிறு தம்ளர் காப்பியின் அளவு! டீசல் இஞ்சினிலோ நிலைமை இன்னும் கடிது. அதற்கு மின்பொறி வேண்டாமையால் நீரைக் கண்டு திணறுவதில்லை என்பது மெய். ஆனால் அதே 2.2 லிட்டர் அளவில் விகிதம் பதினாறாயின் எஞ்சும் இடம் 37 மில்லிலிட்டர்தான். இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீர் ஓர் இஞ்சினைக் கொல்லப் போதும்.

இக்காரணம் பற்றியே காற்றுக்குழாயை வண்டியின் கூரையளவு உயர்த்தி அமைக்கின்றனர். அதனை ஸ்நார்க்கல் என்பர். குழாய் உயர்ந்திருப்பினும் அதன் ஒரு மூட்டு தளர்ந்திருந்தால் பயனில்லை. நீர் அவ்வழியே புகும். ஸ்நார்க்கல் பூட்டிய பெருமையில் மூட்டுக்களைப் பார்க்க மறப்பவரே மிகுதி என்று எங்களூர் மெக்கானிக் ஒருவர் சொல்லுவார்.

நீர்புகாக் காப்பை மிகப் பெரிய அளவிற் கையாண்டது 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையிலே. கப்பலினின்று அலைகளுக்குள் இறங்கவேண்டிய ஜீப்புகளுக்கும் லாரிகளுக்கும் காற்றுக்குழாயையும் புகைக்குழாயையும் மேல்நோக்கி நீட்டினர். மின்னுறுப்புக்களின்மேல் கல்நார் கலந்த பிசுக்கினை அப்பினர். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நீரை உள்ளே விடாத பூச்சு, வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே கரையேறியபின் அக்காப்பினை விரைவிற் களைந்தாலன்றி இஞ்சின் கொதித்துக் கெடும். குண்டுமாரிக்கிடையிலும் ஓட்டுநர் அவ்வேலையைச் செய்யவேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்கவே 1950-இல் வெளிவந்த எம்38 ஜீப்பில் மின்னமைப்பு முழுவதையும் தொடக்கத்திலேயே நீர்புகாதபடி மூடிச் செய்தனர்.

இஞ்சினைக் காத்துவிட்டு அச்சினை மறப்பவர் உளர். நெடுந்தூரம் ஓடிய வண்டியின் டிஃபரென்ஷியல் பெட்டி சூடேறியிருக்கும். 60 பாகை வெப்பமுள்ள பெட்டி 25 பாகை நீரில் அமிழ்ந்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். அஃது ஒரு மீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்கு ஈடாம். அவ்விசையால் ஆயில் சீல்களின் வழியே நீர் உறிஞ்சப்படும். வண்டி அன்று நன்றாகவே ஓடும். சில வாரங்கள் கழித்துப் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் துருவேறி அலறும். பெட்டியின் மூச்சுத்துளைக்கு ஒரு ரப்பர்க் குழாய் பொருத்தி அதனை இஞ்சினறையின் உச்சிவரை கொண்டுசென்றால் இத்துன்பம் பெரும்பாலும் நீங்கும். செலவு அற்பம். துறையில் இறங்குமுன் சிறிதுநேரம் நிறுத்தி வண்டியை ஆறவிடுவதற்கோ அச்செலவும் இல்லை.

இனி, நீர்புகாமை மிகுந்தால் நேரும் இடர் ஒன்றையும் கூறவேண்டும். உயிருக்கே ஊறு செய்வது இதுதான். 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட தளத்தையுடைய மூடிய வண்டியில், தளத்திற்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் உயருந்தோறும் 450 கிலோ எடை நீரால் தூக்கப்படுகிறது. 40 சென்டிமீட்டர் உயர்ந்தால் 1,800 கிலோ. இக்காலத்து நாற்சக்கர விசை வண்டிகள் பலவற்றின் முழு எடையே ஏறக்குறைய அவ்வளவுதான்! பிறகு சக்கரத்திற்கு நிலத்திற் பிடி ஏது? வண்டி படகாகும், துடுப்பற்ற படகு. உற்பத்தியாளர் 2020-இல் வந்த தார் வண்டிக்கு 650 மில்லிமீட்டரும், அதே ஆண்டின் டிஃபெண்டருக்கு 900 மில்லிமீட்டரும் கடவை ஆழமாகக் குறிக்கின்றனர். அவ்வெண்கள் அமைதியான நீருக்கே. பாயும் வெள்ளத்திற்கு அல்ல. கோலை ஊன்றி ஆழம் பார்த்து, மனிதன் நடந்து கடக்கவியலாத இடத்தில் வண்டியை இறக்காதிருப்பதே முறை. இறங்கினால் கீழ்க்கியரில், நடைவேகத்தில், நிறுத்தாமற் செல்லவேண்டும். அவ்வேகத்தில் முன்னே எழும் சிற்றலை இஞ்சினறையில் நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்திவைக்கும்.

நடுநீரில் இஞ்சின் தானே நின்றுவிட்டால் யாது செய்வது? கை சாவியை நாடும், நாடவிடலாகாது. நீர் உட்புகுந்திருப்பின் ஸ்டார்ட்டரைத் திருகுவதே தண்டை வளைக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் சொந்தக்காரருக்கு, காப்பீட்டு நிறுவனங்கள் சொன்ன முதல் அறிவுரையும் இதுவே. சாதாரணக் காப்பீடு இவ்வகைச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இஞ்சினுக்கெனத் தனிக்காப்பு வேண்டும். வண்டியை இழுத்துக் கரையேற்றிப் பாட்டரியைக் கழற்றி, காற்று வடிகட்டியைப் பார்க்க. அது நனைந்திருப்பின், பெட்ரோல் வண்டியில் பிளக்குகளையும், டீசலில் இன்ஜெக்டர்களையோ குளோ பிளக்குகளையோ கழற்றி, இஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் நீர் துளைகளின் வழியே வெளிப்படும். பின்பு ஆயிலின் நிறத்தைக் காண்க. பாற்காப்பி போன்றிருந்தால் நீர் கலந்ததென்று பொருள். அதனை மாற்றியபின்னரே இஞ்சினை உயிர்ப்பிக்கவேண்டும். கியர்ப்பெட்டி, இரு டிஃபரென்ஷியல்கள் ஆகியவற்றிற்கும் இஃதே சோதனை. நனைந்த பிரேக்குகளை மெல்ல அழுத்திக்கொண்டே சிறிதுதூரம் ஓட்டினால் உலர்ந்துவிடும்.

பழைய லாண்ட்ரோவர் வைத்திருப்போர் மற்றொன்றும் செய்தல் வேண்டும். அதன் கிளச்சு உறையின் அடியில் கசியும் எண்ணெய் வடிவதற்கொரு துளையுண்டு. துறையில் இறங்குமுன் அதற்கென்றே உள்ள அடைப்பானைத் திருகி மூடுவர். கரையேறியதும் அதனைக் கழற்றிவிடவேண்டும். இன்றேல் கசிந்த எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளச்சை நனைத்துவிடும்.