டின்னில் மிஞ்சியது, பெட்டியில் சேர்த்தது
டின் காய்கறியா, கார்ன்ஃப்ளேக்ஸா? எதில் சத்து அதிகம் என்பதை லேபிளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பக்கம் பட்டாணி, காளான், பேபி கார்ன் டின்கள். எதிரே கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகள். டின்னின் லேபிளில் பெருமையடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பெட்டியிலோ இரும்பு, ஃபோலிக் அமிலம், பி வைட்டமின்கள் என்று பட்டியல் நீள்கிறது. குழந்தைக்கு எதை வாங்குவது என்று யோசிக்கும் தாயின் கை பெட்டியை நோக்கிப் போவதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டும் ஒரே கணக்கல்ல. டின்னில் இருப்பது காய்கறியில் மிஞ்சிய சத்து. பெட்டியில் இருப்பதில் பெரும்பகுதி ஆலையில் சேர்த்த சத்து.

உணவை ஜாடியில் அடைத்து மூடி, சூடாக்கிப் பாதுகாக்கும் முறையை 1810இல் பிரான்சின் நிகோலா அப்பேர் வெளியிட்டார். இன்றும் அடிப்படை அதுதான். அந்தச் சூட்டில் வைட்டமின் சியும் தயாமினும் கணிசமாக அழிகின்றன. இன்னும் கொஞ்சம் டின்னில் உள்ள நீரில் கரைந்துவிடுகிறது. ஆனால் நார்ச்சத்து போவதில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டின் பெரும்பாலும் தங்குகிறது. தக்காளியின் லைகோபீனை வெந்த பிறகு உடல் இன்னும் எளிதாகவே ஏற்கிறது. டின்னின் உண்மையான குறை உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. நீரை வடித்து, காயைக் கழுவினால் உப்பு நன்றாகவே குறையும்.

பெட்டியின் கதை வேறு. 1994இல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, சூடான பாலில் கார்ன்ஃப்ளேக்ஸ் நமுத்துப்போனதுதான் பேச்சாக இருந்தது. சத்து பற்றிய கேள்வி அதைவிட முக்கியமானது. மக்காச்சோளத்தின் உமியையும் முளைக்கருவையும் நீக்கும்போது நார்ச்சத்தும் வைட்டமின்களும் சேர்ந்தே போகின்றன. பிறகு வேகவைத்து, தட்டையாக்கி, வறுத்து, வைட்டமின்களைத் தெளிக்கிறார்கள். பல வகைகளில் சேர்ப்பது இரும்புத் தூள்தான். பொடித்து நீரில் கலந்து காந்தத்தைக் காட்டினால் கரும்துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக இதைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதம். தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதை அமெரிக்கா 1998இல் கட்டாயமாக்கிய பிறகு, குழந்தைகளின் பிறவித் தண்டுவடக் குறைபாடுகள் அங்கே குறைந்தன.

ஆனால் சேர்த்த இரும்பு முழுவதும் உடலில் சேராது. உடன் டீ குடித்தால் இன்னும் குறையும். கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட்டால் கூடும். சாக்லேட், தேன் கலந்த வகைகளில் சர்க்கரையும் கவனிக்க வேண்டிய விஷயம். லேபிளில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் அது காலை உணவைவிடத் தின்பண்டத்துக்கே நெருக்கம். முகப்பில் உள்ள எண்களில் பாலின் சத்தும் சேர்ந்திருக்கலாம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் 400 கிராம் காய்கறி இருக்க வேண்டும் என்கிறது. கழுவிய டின் பட்டாணியை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். பெட்டியில் எத்தனை வைட்டமின் எழுதியிருந்தாலும் கார்ன்ஃப்ளேக்ஸை அதில் சேர்க்க முடியாது.