காதங்கி வானில் கவிழ்ந்த பரவளையங்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1,024 யாகி ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஒரு காலத்தில் நம் மொட்டை மாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்ற அதே வகைதான். இவை எல்லாம் சேர்ந்து ஒரே ரேடார். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் எம்எஸ்டி எனப்படும் இந்த ரேடார், இன்று விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தைச் சேர்ந்தது.

விமானத்தையோ மேகத்தையோ தேடும் ரேடார் அல்ல இது. தெளிந்த காற்றையே பார்க்கிறது. 53 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.66 மீட்டர். காற்றின் ஈரத்திலும் வெப்பத்திலும் உள்ள சிறு ஏற்ற இறக்கங்கள், குறிப்பாக அதில் பாதியான 2.83 மீட்டர் அளவில் அமைந்தவை, அலையில் மிகச் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. காற்று நம்மை நோக்கி வந்தால் எதிரொலியின் அதிர்வெண் கூடும். விலகிப் போனால் குறையும். 150 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் திரும்பியது என்று ஒரு வரைபடம் கிடைக்கும். பெரும்பாலும் அது மணி வடிவம்.

பள்ளிக் கணிதம் உள்ளே வருவது இங்கேதான். மணி வளைகோட்டின் சூத்திரத்தில், அடுக்குக்குறியாக ஒரு வர்க்கம் ஒளிந்திருக்கிறது. ரேடார்க்காரர்கள் ஆற்றலை டெசிபலில், அதாவது மடக்கை அளவில் வரைவார்கள். மடக்கை எடுத்ததும் அடுக்கு இறங்கிவிடும். வர்க்கம் மட்டும் மிஞ்சும். மணி, கவிழ்ந்த பரவளையமாகிவிடும்:

டெசிபல் = உச்சி − 2.17 × ((அதிர்வெண் − மையம்) ÷ அகலம்)²

பதினோராம் வகுப்பு மாணவர்கள் வரைபடங்களை நகர்த்தியும் நீட்டியும் பழகும் இருபடிச் சார்பு இதேதான். ஆனால் காதங்கியில் மையம், அகலம், உச்சி ஆகிய மூன்றும் வானத்தில் நடப்பதன் பெயர்கள். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மையத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தீபகற்பத்தின் மேல், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடும். வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக் காற்று என்று பெயர். இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1958-ல் இதை விரிவாக எழுதினார். அது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடார் கற்றையைச் செங்குத்திலிருந்து 10 டிகிரி கிழக்கே சாய்த்தால், கற்றையின் திசையில் தெரியும் வேகம் 7 மீட்டர் அளவே. அதை 2.83-ஆல் வகுத்தால் 2.45 ஹெர்ட்ஸ். காற்று ரேடாரை நோக்கி வருவதால் மையம் நேர்மறை; அடைப்புக்குள் ‘அதிர்வெண் − 2.45’ என்று வரும், பரவளையம் வலப்பக்கம் நகரும். கற்றையை மேற்கே சாய்த்தால் அதே காற்று விலகிப் போகிறது. அடைப்புக்குள் ‘அதிர்வெண் + 2.45’, பரவளையம் இடப்பக்கம்.

கழித்தால் ஏன் வலப்பக்கம் போகிறது என்று குழம்பாத மாணவர் குறைவு. அடைப்பு எங்கே சுழியாகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். உச்சி அங்கேதான் இருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் மையத்தைக் கழிக்க வேண்டும், பிறகுதான் அகலத்தால் வகுக்க வேண்டும். மாற்றிச் செய்து, அதிர்வெண்ணை 0.5 என்ற அகலத்தால் வகுத்துவிட்டுப் பிறகு 2.45-ஐக் கழித்தால் உச்சி 1.225-இல் வந்து நிற்கும். நொடிக்கு 40 மீட்டர் காற்று 20 மீட்டராகத் தெரியும்.

அகலம் சொல்வது கொந்தளிப்பை. காற்று ஒரே சீராகப் போனால் பரவளையம் ஒடுங்கி நிற்கும். உள்ளே சுழல்கள் புரண்டால் பல வேகங்கள் கலந்து, கால்கள் விரியும். அகலம் இரட்டித்தால் வர்க்கத்தின் முன்னுள்ள கெழு நான்கில் ஒன்றாகும். திரும்பிவந்த மொத்த ஆற்றல் மாறாவிட்டாலும் உச்சி 3 டெசிபல் தாழும், ஏனென்றால் அதே ஆற்றல் அகலமாகப் பரந்துவிட்டது. அகலம் முழுவதையும் கொந்தளிப்பின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. கற்றையே 3 டிகிரி பருமன் கொண்டது. அதன் இரு ஓரங்களும் ஒரே காற்றைச் சற்று வேறு கோணங்களில் பார்க்கின்றன. அந்தப் பங்கை, அகலமாக அல்ல, அகலத்தின் வர்க்கமாகக் கழிக்க வேண்டும்.

உச்சி, எதிரொலியின் வலிமை. நேர் மேலே பார்க்கும் கற்றையில், 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை குறைவது நின்று ஏறத் தொடங்கும் எல்லையருகே பரவளையம் அப்படியே மேலே எழும். வடிவம் மாறாத செங்குத்து நகர்வு அது.

பரவளையம் முழுவதும் ஒருபோதும் கண்ணில் படாது. கீழ்ப்பகுதி இரைச்சலில் மூழ்கியிருக்கும். அதனால் கணினி முதலில் இரைச்சலின் மட்டத்தைக் கண்டு நீக்கிவிட்டு, மிஞ்சிய ஆற்றலிலிருந்து மொத்தம், சராசரி, பரவல் மூன்றையும் கணக்கிடுகிறது.

கனமழையில் படம் இன்னும் வளமாகிறது. செங்குத்துக் கற்றையில் காற்றுக்கு ஒன்று, மழைத்துளிகளுக்கு ஒன்று என இரண்டு உச்சிகள் தோன்றும். துளிகள் ரேடாரை நோக்கி விழுவதால் அவற்றின் உச்சி வலப்பக்கம் இருக்கும். மேலெழும் காற்று துளிகளையும் சேர்த்தே தூக்குவதால் இரண்டு உச்சிகளும் ஒன்றாக இடப்பக்கம் நகரும். இடையிலுள்ள தூரம் மாறாது. அந்தத் தூரத்தை 2.83-ஆல் பெருக்கினால், காற்றைக் கழித்துவிட்டுத் துளிகள் மட்டும் விழும் வேகம் கிடைக்கும். அதிலிருந்து துளிகளின் பருமனைக் கணக்கிடலாம்.